செவ்வாய்க்கிழமை தெரிந்த குதிரை

கோப்பி செவ்வாய்க்கிழமையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் ரோசரிக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் அதற்குத் தெரிந்திருந்தது. மற்ற ஐந்து நாள்களில் அது ஓரளவு அடங்கி நின்றது. அடைத்துப் போட்ட எந்தக் குதிரையும் செய்கிற சேட்டைகளைத்தான் செய்தது. உதட்டால் தாழ்ப்பாளைத் தட்டிப் பார்க்கும், தண்ணீர் வாளியைக் கவிழ்க்கும், புல் கட்டிய வலையைக் கடித்து இழுக்கும். செவ்வாயும் வெள்ளியும் வந்துவிட்டால் காலை பத்து மணிக்குமேல் அது வேறொரு பிராணி. தலையை இடமும் வலமும் வீசிக்கொண்டு ஆடும். பிறகு அந்தச் சின்ன அறைக்குள் சுற்றத் தொடங்கும். சுற்றிச் சலித்ததும் பின்னங்காலால் பலகைச் சுவரை உதைக்கும்.

ஒவ்வோர் உதைக்கும் ரோசரி கதவின் வெளிப்புறத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் சர்க்யூட் பலகைகளில் பிழை பார்த்த பழக்கம். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் அதைத் திட்டிப் பயனில்லை. எப்போது வருகிறது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையை மூடியபின் அவள் இந்தக் குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையோரம், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். ரப்பர்ப் பால் அளந்த ஸ்டோரைத்தான் முதலாளி ராமகிருஷ்ணன் தடுத்து ஆறு குதிரைகளுக்கு அறைகளாக்கியிருந்தார்.

கோப்பிக்குப் பந்தயத்தில் ஓடிய காலத்தில் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. இங்கே அதன் காப்பி நிறத்தைப் பார்த்து எல்லாரும் கோப்பி என்றார்கள். ஐந்து வாரத்துக்கு முன் ஒரு மழை நாளில் அது மிரண்டு ஓடிக் கால்வாய் ஓரத்தில் வழுக்கி விழுந்தது. இடது முன்னங்காலின் நீள எலும்பில் ஒரு கீறல். அறுவை செய்து மூன்று ஸ்க்ரூ வைத்து முடுக்கியிருந்தார்கள். எட்டு வாரம் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது, ஓடக்கூடாது, துள்ளக்கூடாது. குதிரையிடம் இதை யார் சொல்வது?

சனிக்கிழமை டாக்டர் பிரேம்நாத் கட்டு மாற்ற வந்தார். வயதில் ரோசரியைவிடச் சின்னவர். காலைத் தடவியவர் ஓரிடத்தில் கையை எடுக்காமல் வைத்திருந்தார்.

"சூடா இருக்கே. நேத்து ரொம்ப ஆடுச்சாக்கா?"

"முப்பத்தேழு."

"என்ன முப்பத்தேழு?"

"உதை."

அவர் கதவுக்கு வெளியே வந்து கோடுகளைப் பார்த்தார். "நீங்க இன்னும் ஃபேக்டரிலதான் இருக்கீங்க லா," என்றார். சிரித்துவிட்டுக் கை கழுவப் போனவர், குழாயடியில் நின்றபடி சிரிப்பில்லாத குரலில் சொன்னார். "ஸ்க்ரூ இன்னும் நகரல. இப்படியே போனா வளைஞ்சிரும். வளைஞ்சா இன்னொரு ஆப்பரேஷன் அது தாங்காது. அப்புறம் நான் வேற ஊசியோடதான் வரணும்."

எந்த ஊசி என்று ரோசரி கேட்கவில்லை.

"மயக்க மருந்து குடுத்து நிக்க வைக்க முடியாதா?"

"எட்டு வாரமுமா? வயிறு நின்னுரும்க்கா. தானியம் சுத்தமா நிறுத்திட்டீங்கதானே? அது உள்ள போனா சும்மா நிக்காது."

"ஒரு மணிகூட குடுக்கல."

அவர் போனபின் ரோசரி வெகுநேரம் கோப்பியின் முன் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் இடையே பாதிக் கதவு. அவள் பேசுகிறவள் அல்ல. மற்ற வேலையாட்கள் குதிரைகளோடு மலாயில் வாயோயாமல் பேசுவார்கள், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கப் பார்க்க அந்தக் கண்ணுக்குள் ஏதோ ஒரு கணக்கு ஓடுவதுபோலத்தான் இருந்தது. பழைய அலமாரிக் கண்ணாடியைத் துணைக்கு இருக்கட்டும் என்று கம்பிக்கு வெளியே மாட்டியிருந்தாள். கோப்பி அரைமணி நேரம் தன்னைப் பார்த்தது. பிறகு மூக்கை நீட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் யார் என்று தேடியது. யாருமில்லை என்று தெரிந்தபின் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ரேடியோ வைத்தாள். அடுத்த அறைக்குக் கிழட்டுப் பெண்குதிரையை மாற்றினாள். எதைச் செய்தாலும் செவ்வாய் செவ்வாயாகவே இருந்தது.

புதன்கிழமை காலை கோப்பியின் லத்தியை அள்ளும்போது அதில் என்னவோ மினுங்கியது. குச்சியால் கிளறி, ஒரு பிடியைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். மெல்லிய பழுப்புத் தோல்கள். சந்தேகமே இல்லை, கொள்ளு. தீவனச் சாலையில் மூட்டை மூட்டையாகத் தேடினாள். ஒரு கொள்ளுகூட அங்கே இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் சாப்பிடப் போகவில்லை. காலையிலிருந்தே தீவனச் சாலைக்குள் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, பலகை இடுக்கு வழியே கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்கு அது ஒற்றைக் காலை மடக்கித் தூங்கி வழிந்தது. பத்துக்குச் சற்று முன் சட்டென்று தலையைத் தூக்கியது. காதுகள் முன்னால் வந்தன. மூக்குத் துவாரங்கள் விரிந்தன. ரோசரியும் மூச்சை இழுத்தாள். சாம்பிராணி.

தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் முனியாண்டி கோயில் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அங்கே பூசை. அவள் மூக்குக்குப் பழகிப்போன அந்தப் புகைதான் குதிரைக்குக் காலண்டர்.

புகை ஏன் குதிரையை ஆட்டவேண்டும் என்பது பன்னிரண்டரைக்குத் தெரிந்தது. வேலையாட்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கோயிலைக் கூட்டிப் பூசை செய்யும் காளியம்மா, கையில் ஒரு தகர டின்னோடு, தன் வீட்டுக்குள் நுழைவதுபோல நடந்து வந்தாள். இரண்டரை மணி நேரமாகச் சுற்றிச் சுற்றி வேர்த்திருந்த கோப்பி அவளைக் கண்டதும் நின்றுவிட்டது. டின்னுக்குள் முகத்தை விட்டது. அவித்த கொள்ளின் வாசனையும் வெல்ல வாசனையும் தீவனச் சாலைவரை வந்தன. தின்று முடித்ததும் காளியம்மா அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அக்கா," என்றாள் ரோசரி.

காளியம்மா திரும்பினாள். திடுக்கிட்டதுபோலத் தெரியவில்லை. "நீ சாப்பிடப் போலியா?"

"இதுக்குத் தானியம் குடுக்கக்கூடாது."

"யாரு சொன்னா?"

"டாக்டர்."

"அந்தப் பொடியனா? அவனே பிஸ்கட் மாதிரி இருக்கான். நீ இத பாத்தியா, எலும்பு எண்ணலாம் போல இருக்கு. வெறும் புல்ல போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்க. என்ன பாவம் பண்ணுச்சு?"

ரோசரி காலைக் காட்டினாள். உள்ளே மூன்று ஸ்க்ரூ இருப்பதையும், உதைத்தால் வளையும் என்பதையும், வளைந்தால் வரும் ஊசியையும் சொன்னாள். அவள் ஒரு வாரத்தில் பேசுகிற பேச்சு அது. காளியம்மா கட்டுப் போட்ட காலையும், கதவிலிருந்த சாக்பீஸ் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதே," என்றாள் கடைசியில். "ஆனா நிறுத்த முடியாது லா. வேண்டுதல்."

அவள் மகன் கோகிலனுக்குத் தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. கிடைத்தால் ஏழு வாரம், செவ்வாய் வெள்ளி, முனியாண்டியின் குதிரைக்குக் கொள்ளு வைப்பதாக அவள் வேண்டியிருந்தாள். "சிமெண்டு குதிர முன்னால வச்சா நாய் வந்து தின்னுட்டுப் போவுது. எதிர்த்தாப்புல உயிரோட ஒண்ணு பசியா நிக்குது. சாமியே கொண்டாந்து நிறுத்தின மாதிரி. இன்னையோட அஞ்சு வாரம். இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

"ரெண்டு வாரம் இது தாங்குமான்னு தெரியல."

"நிறுத்தினா என் பிள்ளைக்கு வேல தங்குமான்னு எனக்குந்தான் தெரியல."

கோப்பி காலி டின்னை மூக்கால் உருட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு செய்யலாம்," என்றாள் காளியம்மா. "பூப் போட்டுக் கேப்போம். சாமி நிறுத்துன்னா நிறுத்திர்றேன்."

சாலையைக் கடந்து போனார்கள். காளியம்மா ஒரு வெற்றிலையில் செம்பருத்தி இதழையும் இன்னொன்றில் நந்தியாவட்டையையும் வைத்து, ஒரே மாதிரி மடித்து, குலுக்கிச் சாமி முன் போட்டாள். சிவப்பு வந்தால் குடுக்கணும், வெள்ளை வந்தால் நிறுத்தலாம்.

"நீ எடு."

"நான் சர்ச்சுக்குப் போறவக்கா."

"அதான் நல்லது. எடுக்கிற கை எந்தப் பக்கமும் சாயக்கூடாது."

சாய்ந்துதான் இருக்கிறது என்று ரோசரி சொல்லவில்லை. இரண்டு பொட்டலங்களையும் நன்றாகப் பார்த்தாள். வித்தியாசம் ஒன்றுமில்லை. இடது பக்கத்தை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

அவள் குனிந்து மற்றதையும் பிரித்துப் பார்த்தாள். வெள்ளைதான் இருந்தது.

"என்ன, செக் பண்றியா?"

"பழக்கம்."

காளியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்திய இடத்துக்கு இருவரும் திரும்பி நடந்தார்கள். ரோசரிக்குத் தன் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதே கைதான்.

"அன்னைக்கு மழையில கயிறு என் கையிலதான் இருந்துச்சு," என்றாள். "ஃபோன் அடிச்சுச்சு. ஒத்தக் கையில கயித்தப் பிடிச்சுக்கிட்டு எடுத்தேன். இடி விழுந்துச்சு. அது இழுத்துக்கிட்டு ஓடிருச்சு. பாஸ் எப்படி ஆச்சுன்னு கேக்கல. நானும் சொல்லல."

காளியம்மா மோட்டாரை முடுக்கினாள். ஏறவில்லை. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தாள்.

"சாமி குடுன்னு சொல்லிருச்சு. அத மாத்த முடியாது."

"தெரியும்."

"எவ்ளோ குடுக்கணும்னு சொன்னுச்சா?"

ரோசரி நிமிர்ந்து பார்த்தாள்.

"நாமளும் கேக்கல, அதுவும் சொல்லல," என்றாள் காளியம்மா. "ஒரு மணி குடுத்தாலும் குடுத்ததுதானே. ஆனா ஒண்ணுன்னா கஞ்சத்தனம் லா. அஞ்சு."

"அஞ்சு மணி."

"வெல்லம்?"

"வேணாம்க்கா."

"வாசனைக்குத் தொட்டு..."

"அக்கா."

"சரி, சரி."

புகைக்கும் டின்னுக்கும் நடுவே இருந்த அந்த இரண்டரை மணி நேரம்தான் ரோசரியை அரித்தது. கொள்ளின் கொழுப்பு பாதி என்றால் காத்திருப்பு மீதி. அதனால் சாம்பிராணி போட்ட கையோடு வந்துவிடும்படி காளியம்மாவிடம் சொல்லி வைத்தாள்.

அடுத்த செவ்வாய், பத்து மணிக்குப் புகை வந்தது. கோப்பி தலையைத் தூக்கி ஒருமுறை ஆடுவதற்குள் காளியம்மா வந்துவிட்டாள். ஐந்து கொள்ளை அவளே எண்ணி, நறுக்கிய ஈரப் புல் நிறைந்த பெரிய தொட்டியில் போட்டுக் கையால் அளைந்தாள். கோப்பி டின்னைத் தேடியது. டின் இல்லை, வாசனை மட்டும் எங்கிருந்தோ வந்தது. தொட்டிக்குள் மூக்கை விட்டது.

பிறகு நடந்ததை ரோசரி இமைக்காமல் பார்த்தாள். அந்தப் பெரிய உதடு விரல்களைப்போல வேலை செய்தது. புல்லைச் சிறுசிறு கற்றையாக ஒதுக்கியது, ஊதியது, மறுபடி கிளறியது. இடையில் நிறுத்தி யோசித்தது. கால்கள் நான்கும் அசையாமல் நின்றன. இருபது நிமிடத்தில் ஒரு கொள்ளு கிடைத்தது. அதை அது மென்ற சத்தம் இருவருக்கும் கேட்டது.

"இத்தன பெரிய வாய்க்கு ஒரு கொள்ளு," என்றாள் காளியம்மா. சொன்னாலும் போகவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டாவது அந்த மூலையில இருக்கு. நான்தான் போட்டேன்."

"சொல்லாதீங்க."

அன்று கதவில் நான்கு கோடுகள். வெள்ளி இரண்டு. அதற்கடுத்த செவ்வாய் ஒன்றுமில்லை. மற்ற நாள்களில் ரோசரி கொள்ளுக்குப் பதில் ஐந்து துண்டு கேரட்டை ஒளித்து வைத்தாள்.

எட்டாவது வாரம் முடிந்த சனிக்கிழமை பிரேம்நாத் எக்ஸ்ரே கருவியோடு வந்தார். லேப்டாப்பில் படம் விழுந்ததும் ரோசரி அவர் முகத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தாள். மூன்று வெள்ளைக் கோடுகள், நேராக. குறுக்கே ஒரு மங்கல்.

"முக்கால்வாசி கூடிருச்சு," என்றார். "முழுசா இல்ல. இன்னும் நாலு வாரம் உள்ளதான்."

"ஊசி?"

"என்ன ஊசிக்கா?"

"வேற ஊசின்னு சொன்னீங்க."

அவருக்கு நினைவுவர ஒரு கணமாயிற்று. அவள் மூன்று வாரமும் அதைச் சுமந்துகொண்டு நடந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இப்போதைக்கு இல்லக்கா. இதே மாதிரி நின்னா வேணவே வேணாம். என்ன செஞ்சு நிக்க வச்சீங்க?"

"கொள்ளு."

"கொள்ளா? எவ்ளோ?"

"அஞ்சு."

"அஞ்சு கிலோவா?"

"அஞ்சு மணி."

அவள் சிரிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை.

அன்று மாலை ரோசரி சாலையைக் கடந்து போய்க் காளியம்மாவிடம் சேதி சொன்னாள். வேண்டுதல் முந்தின நாளோடு முடிந்திருந்தது. காளியம்மா கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நாலு வாரமாம். செவ்வாயானா நீங்க புகை போடுவீங்க. அது காத்திருக்கும்."

"புகைய நிறுத்த முடியாது லா."

"அதான். நீங்க தொடர்ந்து வரணும்."

"வேண்டுதல் முடிஞ்சு போச்சே. இனிமே எத வேண்டிக்கிட்டு வைப்பேன்? எனக்கு இப்போ கேக்க ஒண்ணுமில்ல." உள்ளே போய்ப் பாதி நிறைந்த ஒரு பாட்டிலை எடுத்து வந்து ரோசரியின் கையில் வைத்தாள். மீந்த கொள்ளு. "கேக்க இருக்கிறது உனக்குத்தான். நீயே வேண்டிக்க. இத்தன வாரம்னு கணக்கு வச்சு வேண்டிக்கணும், சும்மா பொதுவா கேக்கக்கூடாது."

"எங்க சாமி கொள்ளெல்லாம் கேக்காதுக்கா."

"கேட்டுப் பாத்தியா?"

ரோசரி பாட்டிலை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சற்று முன் கோப்பி தலையைத் தூக்கியது. ரோசரி புல்லைத் தொட்டியில் நிரப்பி வைத்திருந்தாள். பாட்டிலைச் சாய்த்து ஐந்தை எண்ணினாள். உடனே போடாமல் அவற்றை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது என்று தெரியவில்லை. கோப்பி கழுத்தை நீட்டி மூடிய கையை முகர்ந்தது.

"கால்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "நாலு வாரம்," என்று சேர்த்துக்கொண்டாள்.

பிறகு கையைப் புல்லுக்குள் ஆழமாக விட்டாள்.