பெரிய டப்பு, சின்ன டப்பு

ரேணுகா வாசித்து முடித்து, கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அடக்கிவிட்டு, அப்பாவைப் பார்த்தாள். கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து கிடந்த நாகநாதன் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"எப்பத்தா ஆரம்பிக்கப் போற?" என்றார்.

நாலு நிமிடம் வாசித்திருந்தாள். முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்து அவர் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் ஆசைப்பட்டது இரண்டே இரண்டு. ஒன்று அயிரை மீன் குழம்பு, அது ஒரு வாயோடு நின்றுவிட்டது. இன்னொன்று மகளின் கிடார். அதற்காகத்தான் காலையிலேயே கட்டிலை ஒட்டி ஸ்பீக்கர் பெட்டியையும் பெடலையும் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"முடிச்சுட்டேன்ப்பா."

"முடிச்சுட்டியா?" கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல அவர் சிரித்தார். "டப்பு கேக்கலயே."

குமரப்பனின் ஆர்கெஸ்ட்ராவில் ரேணுகா பன்னிரண்டு வருடமாகக் கிடார் வாசிக்கிறாள். அவள் காலடியில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருக்கும். அதன் ஸ்விட்சை மிதித்தால் கிடாரின் குரல் தடித்து முன்னால் வரும். மறுபடி மிதித்தால் பெட்டி விலகிக்கொள்ளும், கிடார் பழைய குரலுக்குத் திரும்பிவிடும். அந்தப் பெடலுக்கு ஒரு வியாதி. மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'டப்' என்று இடிக்கும். போடும்போது பெரிய டப்பு, எடுக்கும்போது சின்ன டப்பு. யாரோ மைக்கைக் கீழே போட்ட மாதிரி இருக்கிறது என்று குமரப்பன் ஒவ்வொரு கச்சேரியிலும் முணுமுணுப்பார்.

நாகநாதன் எல்லாக் கச்சேரிக்கும் வருவார். முன் வரிசையில் உட்கார்ந்து, பாட்டின் நடுவே மகள் பெடலை மிதித்துத் தனியாக வாசிக்கும் பிட்டு முடிகிற அதே நொடியில் முதல் ஆளாகக் கைதட்டுவார். கூட்டம் அவரைப் பார்த்துத்தான் தட்டும். எவ்வளவு நெளிவு சுளிவாக முடித்தாலும் அவரை ஏமாற்ற முடியாது. "உங்கப்பாவுக்குத் தங்கக் காது" என்பார் குமரப்பன். ரேணுகாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

போன வருடம் கல்லல் திருவிழாவுக்கு முன்னால் அவள் பெடலைத் திறந்து பார்த்தாள். அணைந்து கிடக்கும்போதும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் சேர்கிறது. போக வழியில்லாமல் காத்திருந்து, ஸ்விட்சை மிதித்ததும் ஒரே பாய்ச்சலாக வெளியே வந்து இடிக்கிறது. நெல்மணி அளவில் இரண்டு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, அது சத்தமில்லாமல் கசிந்து போக வழி செய்தாள். டப்பு ஒழிந்தது. குமரப்பன் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் திருவிழாவிலேயே அப்பாவின் கைதட்டல் பிந்திவிட்டது. எல்லோரும் தட்டிய பிறகு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தட்டினார். இரண்டு கச்சேரி கழித்து முதுகு வலி என்று வருவதையே நிறுத்திக்கொண்டார். தன் கையில் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது என்று ரேணுகா முடிவுகட்டினாள். தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பழகினாள். "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டால், "நல்லாத்தான இருந்துச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்கு மேல் தோண்டிக் கேட்க அவளுக்கு ரோஷம். பத்து மாதமாக அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"டப்பு எதுக்குப்பா உங்களுக்கு?"

வலப்பக்கம் வரச்சொல்லிக் கையசைத்தார். குனிந்தாள்.

"எடது காது போயி இருவது வருசமாச்சு. என்ஜினு பக்கத்துக் காது. இதுவும் பாதிதான்."

காரைக்குடிக்கும் கல்லலுக்கும் இடையே முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவ எப்பவும் கத்தித்தான பேசுவா. அவளுக்கு எப்படித் தெரியும்? லைசென்சு போயிருமேன்னு மொதல்ல மறைச்சேன். அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "கச்சேரியில எல்லாம் ஒண்ணாக் கலந்து வண்டி எரைச்சலாத்தான் கேக்கும். ஒன் டப்பு மட்டும் நாக்காலி வழியா நெஞ்சுக்கு வரும். பெரிய டப்பு வந்தா, எம்மக கிளச்ச மிதிச்சுட்டா, கெளம்பிட்டா. சின்ன டப்பு வந்தா வந்து சேந்துட்டா. தட்டிருவேன்."

"அப்ப நான் வாசிச்சதெல்லாம்?"

"ஒம் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு இருப்பேன்."

ரேணுகாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டுக்கும் நடுவே நல்ல கோபமும் வந்தது.

"ஏம்ப்பா சொல்லாம இருந்தீக?"

"நீ மெனக்கெட்டுச் சரிபண்ணிருக்க. அதக் கெடுன்னு எப்படித்தா சொல்லுவேன்?"

அவள் பெடலைக் கவிழ்த்து நாலு திருகாணிகளையும் கழற்றினாள். கட்டரால் இரண்டு ரெசிஸ்டரின் காலையும் வெட்டிவிட்டாள். மறுபடி மூடினாள். "கொஞ்சம் பொறுங்கப்பா. அது உள்ள சேரணும்."

சேர ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் அப்பாவின் மூச்சு உள்ளே போனால் வெளியே வர யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கே அதற்குள் போய்விடுவாரோ என்று ரேணுகா பயந்தாள். கஞ்சி டம்ளரோடு வந்த அம்மா அழகியிடம் நாகநாதன் விட்டு விட்டு விளக்கினார்.

"பெரிய டப்பு கெளம்புறதுக்கு. சின்ன டப்பு வந்ததும் தட்டணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது."

"கண்டக்டர் விசிலுக்கு வண்டி எடுக்குற மாதிரில்ல சொல்லுறீக" என்றாள் அழகி, வழக்கமான சத்தத்தில்.

ரேணுகா மிதித்தாள். டப். கட்டில் சட்டத்தில் வைத்திருந்த டம்ளர் அதிர்ந்தது. நாகநாதனின் கண் முழுசாகத் திறந்தது. போர்வைக்குள் அவருடைய இடது கால் மெல்ல அழுந்தியது. அவள் வாசித்தாள். நன்றாக இருக்கிறதா என்ற கவலை இல்லாமல் வாசித்து எத்தனை காலமாயிற்று. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன டப்பு வந்ததும் இரண்டு கையையும் தூக்கி மூன்று முறை தட்டினார். சத்தமே வரவில்லை. ஆனாலும் அழகியை முந்திவிட்டார்.

"பிந்திட்ட" என்றார் மனைவியிடம். "இன்னொண்ணு வாசி, ஆத்தா."

இரண்டாவது பாட்டில் விரல்கள் தாவ வேண்டிய இடம் ஒன்று உண்டு. ரேணுகா அங்கே குனிந்தவள் முடிக்கும்வரை நிமிரவில்லை. சின்ன டப்பு விழுந்ததும் அழகி பளிச்சென்று தட்டினாள்.

"இந்தா, இந்தத் தடவ நான் முந்திட்டேன்" என்றாள்.

பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு அவருடைய வலது காதருகே குனிந்து, வாழ்க்கையிலேயே முதல் முறையாக மெதுவான குரலில், "என்னங்க, நான் முந்திட்டேன்" என்றாள்.

பிற்பகலில் அமராவதிபுதூர் ஊரில் பாதி அந்த வீட்டில் இருந்தது. குமரப்பன் காரைக்குடியிலிருந்து ரோஜா மாலையோடு வந்தார். "அண்ணன் மாதிரி ஞானஸ்தன் கெடையாது. பிட்டு முடியிற நொடியில தட்டுவாரு, பாட்டுக்காரனுக்கே தெரியாது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ரேணுகா ஆமாம் என்று தலையாட்டினாள். அப்பாவின் ரகசியத்தை வைத்துக்கொள்ள அவளுக்குப் பிடித்திருந்தது.

குளிப்பாட்டுவதற்காக நாலு பேர் தூக்கினார்கள். கால்மாட்டில் பிடித்திருந்த குமரப்பன் பின்னால் அடியெடுத்து வைத்தபோது, அவர் குதிகால் பெடலின் மேல் பட்டது. காலையிலிருந்து ஸ்பீக்கரை யாரும் அணைத்திருக்கவில்லை.

டப்.

ஒப்பாரி நின்றுவிட்டது. "மன்னிச்சுக்க தாயி, தெரியாம மிதிச்சுட்டேன்" என்றார் குமரப்பன்.

"இருக்கட்டும்ண்ணே."

அழகி, நாகநாதனின் நெஞ்சின் மேல் சேர்த்து வைத்திருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"இது பெருசுதானத்தா?"

"பெருசுதாம்மா."

அவரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்கள். பெடலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரேணுகா அதன் மேல் கால் படாமல் சுற்றிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.