பதினொரு சிவப்பு அம்புகள்

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு இரண்டு பெயர்கள். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் அம்பு. நாம் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். மற்றது காதில் விழுந்தால் வருத்தப்படுவாள்.

பதினேழு வருஷமாகத் தரம் பார்க்கும் மேஜையில் நிற்கிறாள். தைத்து முடித்த சட்டை மேஜைக்கு வந்தால் காலர், தோள், கை, பொத்தான், ஓரம் என்று நாற்பது நொடியில் கண் ஓடி முடிந்துவிடும். எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவளிடமே திருப்பி அனுப்புவாள். திட்ட மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள். ஒட்டுவாள், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று தையல் லைனில் இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள்.

வேலை முடிந்ததும் கண்ணைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வர முடியுமா? அதுவும் கூடவே வீட்டுக்கு வந்தது. ஜன்னல் திரை ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கும். கணவரின் மீசை இடப்பக்கம் தூக்கலாக இருக்கும். மகளின் டி-ஷர்ட் லேபிள் பின்கழுத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் இரண்டையும் வாயால் சொல்வாள். லேபிளை மட்டும் போகிற போக்கில் கையால் உள்ளே தள்ளிவிடுவாள். மகள் எதைப் போட்டாலும் லேபிள் வெளியே வந்துவிடும் என்பதால், இது ஒரு நாளைக்கு நாலைந்து முறை நடக்கும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லைன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"குற்றம் பார்க்கலேன்னா சம்பளம் இல்லைங்க."

அவர் தன் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

வினை ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. மகளுக்குப் பதினேழு வயது. வெளியூரில் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்து, விடுதிக்குப் போக இருபத்திரண்டு நாள் இருந்தது. அவளிடம் ஒரு பட டைரி உண்டு. அன்றன்றைக்குத் தோன்றுவதை வரைவாள், பேப்பரும் துணியும் வெட்டி ஒட்டுவாள், ஓரத்தில் எதையாவது கிறுக்குவாள். அன்று அதைச் சாப்பாட்டு மேஜையில் திறந்துபோட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். அக்கா வேலையிலிருந்து வந்தாள், செருப்பைக் கழற்றினாள், பார்த்தாள். பக்கம் முழுக்க ஒரு பெண்ணின் முகம். இடது கண் வலது கண்ணைவிட இரண்டு மில்லிமீட்டர் கீழே இருந்தது. கை பைக்குள் போனதும் தெரியாது, அம்பை எடுத்ததும் தெரியாது. ஒட்டி முடித்த பிறகுதான் அது தன்னுடைய முகம் என்று தெரிந்தது.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு அவசர அவசரமாகப் பிய்த்தாள். ஸ்டிக்கர் வந்தது. கூடவே கண்ணும் வந்தது.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. பெற்றவளிடமிருந்து வந்த குணமாக இருக்க வேண்டும்.

"ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் நீ வரைஞ்சு பாரும்மா. அப்புறம் என்கிட்ட பேசு."

டைரி பைக்குள் போனது. பையின் ஜிப் மூடியது. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான். சாயங்காலமானால் கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். பின்கழுத்தில் லேபிள் நீட்டிக்கொண்டிருக்கும். அக்காவின் கை பாதி தூரம் போய்த் திரும்பி வரும். இருபத்திரண்டு நாளும் இப்படியே கழிந்து, பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். போனில் கேட்கும் "ம்" நேரில் கேட்பதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

நாலாம் நாள் கடைக்குப் போய் ஒரு வெள்ளை நோட்டு கேட்டாள். முதல் நோட்டில் நடுத்தையல் கோணல். இரண்டாவதில் அட்டை தூக்கியிருந்தது. ஆறாவது நோட்டில் கடைக்காரர், "வரையப் போறீங்களா, நோட்டைக் கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அதையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

மகளின் டைரியில் முதல் பக்கத்தில் மூன்று விதிகள் இருந்தது அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. அழிக்கக் கூடாது. கிழிக்கக் கூடாது. முடித்ததும் ஒருவரிடமாவது காட்ட வேண்டும். விதி என்றால் அக்காவுக்குப் பிடிக்கும். மூன்றையும் தன் நோட்டிலும் எழுதினாள். எழுத்து ஒரே உயரத்தில் அழகாக வந்தது. அதற்கப்புறம் அந்த நோட்டில் எதுவும் அழகாக வரவில்லை.

முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு சட்டை வரைந்தாள். தோள் அகலம், கை நீளம் எல்லாம் அளவோடு எழுதினாள். கணவர் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை பீஸ் ஆர்டர்?"

அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். கிழித்த பிறகு இரண்டாம் விதி ஞாபகம் வந்து, திரும்பச் சேர்த்து டேப் போட்டு ஒட்டினாள். டேப் கோணலாகப் போனது. அதைப் பார்க்காமலிருக்க நோட்டை மூடி மேலே ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்தாள்.

இரண்டாவது பக்கத்தில், டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவரை வரைந்தாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாரு, உங்க சூப்பர்வைசரா? பாவம், உடம்பு சரியில்லையா?" என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். அக்கா பென்சிலைக் குறை சொன்னாள், விளக்கைக் குறை சொன்னாள், பிறகு யாரையும் குறை சொல்லவில்லை. உண்மை அவளுக்கே தெரிந்தது. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சொந்தமாகத் தப்பு செய்து, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் அவள் செய்தே பழகாத வேலை.

மூன்றாவது பக்கத்தில் மகளை வரையலாம் என்று உட்கார்ந்தாள். முகத்தைக் காட்டாத பெண்ணை எப்படி வரைவது? தெரிந்ததை வரைந்தாள். முதுகு, ஜடை, குனிந்த கழுத்து. டி-ஷர்ட்டுக்கு, தொழிற்சாலையில் வெட்டி ஒதுக்கிய நீலத் துண்டுகளை ஒட்டினாள். கழுத்துக்குப் பின்னால் ஒரு நிஜ லேபிளைப் பாதி வெளியே நிற்கும்படி ஒட்டினாள். ஒன்பது நாள் ஆயிற்று. கழுத்து முழம் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. அழிக்கக் கூடாது.

கொஞ்சம் பாக்கியிருந்ததைச் சாப்பாட்டு இடைவேளையில் முடிக்கலாம் என்று வேலைக்குக் கொண்டுபோனாள். முடித்தாள். பசை காயட்டும் என்று தன் மேஜையிலேயே திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது லைனே மேஜையைச் சுற்றி நின்றது. படத்தின்மேல் பதினொரு சிவப்பு அம்புகள் ஒட்டியிருந்தன.

பொத்தான் தைப்பவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மேஜைமேல இருந்துச்சுக்கா. மேஜைமேல இருந்தா செக் பண்ணணும்தானே?"

"இது என்ன?" அக்கா ஓர் அம்பைக் காட்டினாள்.

"கை ஒண்ணு காணோம்க்கா."

"இது?"

"கழுத்து நீளம் ஜாஸ்தி."

"இது?"

"ஜடையாக்கா இது? நான் பைப்புன்னு நினைச்சேன்."

காலர் தைப்பவள் லேபிளுக்கு நேரே ஒட்டியிருந்தாள். "லேபிள் வெளியில நிக்குது. நீங்களா இருந்தா விட்டிருக்க மாட்டீங்க."

பதினொன்றும் சரி. ஒன்றைக்கூட மறுக்க முடியாது. ஆனால் அக்காவுக்குக் காது சுட்டது. ஒன்பது நாள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. இது யார் என்று ஒருத்தியாவது கேட்க மாட்டாளா என்றிருந்தது. எதிரே நிற்கிற பதினொரு முகங்களையும் பார்த்தாள். இதே இடத்தில் தினமும் அவர்கள் நின்றிருக்கிறார்கள். பதினேழு வருஷத்தில் ஒருத்தியிடமும் எத்தனை நேரம் தைத்தாய் என்று அவள் கேட்டதில்லை.

பொத்தான்காரி பயந்துவிட்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்வாங்க."

"எய்தது நீதானே?"

"கத்துக்குடுத்தது நீங்கதானேக்கா."

அக்கா ஓர் அம்பின் நுனியை நகத்தால் தூக்கிப் பார்த்தாள். காகிதமும் சேர்ந்து எழும்பியது. விட்டுவிட்டாள். நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, மதியச் சட்டைகளை எடுத்தாள். அன்று ஒவ்வொரு சட்டைக்கும் நாற்பத்தைந்து நொடி ஆயிற்று. சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தபோது, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மகளின் முன்னால் நோட்டைத் திறந்து வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள். நாற்பது நொடி தாண்டியது. ஒரு நிமிஷம் தாண்டியது. மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது நான்தானே?"

"எப்படித் தெரிஞ்சுது? பதினோரு பேர் பார்த்தாங்க, ஒருத்திக்கும் தெரியலை."

"லேபிள் இருக்கே." பிறகு கேட்டாள், "ஏம்மா முதுகை வரைஞ்சே?"

"நீ அதைத்தானே காட்டினே."

மகள் கையிலிருந்த சட்டையை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"இந்த அம்பெல்லாம்?"

"லைன்ல ஒட்டினாங்க."

"வலிச்சுதா?"

"ரொம்ப வலிச்சுது," என்றாள் அக்கா. "நான் உனக்குப் பண்ணினது தப்புடி."

மகள் சட்டையைப் பெட்டியில் வைத்தாள். பையின் ஜிப்பைத் திறந்து டைரியை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்தாள். இடது கண் இருந்த இடத்தில் வெள்ளையாக உரிந்து போயிருந்தது. அதைச் சரிசெய்யவில்லை, மறைக்கவில்லை. பக்கத்தைக் கிழிக்கவும் இல்லை.

"விதி இருக்கே," என்றாள்.

அக்கா உட்கார்ந்து தன் முகத்தை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தாள். வலது காது கொஞ்சம் பெரிது. சொல்லவில்லை. அதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கிளம்பும் நாள் காலையில் கணவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மாடியும் படியிலேயே இறங்கினார். ஊர் லிஃப்டையெல்லாம் சரிசெய்பவர் வீட்டு லிஃப்ட் ஒரு வாரமாக ஓடவில்லை. மகள் வாசலில் குனிந்து ஷூ கயிறு கட்டினாள். பின்கழுத்தில் லேபிள் வெளியே நின்றது.

அக்காவின் கை பாதி தூரம் போனது. நின்றது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மகள் ஒரு ஷூவைக் கட்டினாள். இன்னொன்றையும் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.

"என்னம்மா பார்த்துட்டே நிக்கிறே? உள்ள தள்ளு."

அக்கா லேபிளை உள்ளே தள்ளினாள். எப்போதும் ஒரு நொடி ஆகும் வேலை. அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது.