முழங்கால் உயரத்தில் ஓர் ஆணி வரிசை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒரு கொத்தனார் கேட்ட கேள்வியில் உதித்தது.

தூத்துக்குடி கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். ஒரு காலத்தில் சங்குக் கிடங்கு. பிறகு ஊர்க்காரர்கள் படங்கள் மாட்டி வைத்த கலை மன்றம். அதற்கப்புறம் உப்பு மூட்டை, பூட்டு. இப்போது யாரோ வாங்கிச் சுவர் பூசுகிறார்கள். நான் வெயிலுக்கு உள்ளே ஒதுங்கியவன். கொத்தனார் அய்யாக்குட்டி சுவரில் துருப்பிடித்திருந்த ஆணிகளைக் காட்டினார். ஒரு வரிசை தலை உயரத்தில் இருந்தது. அதில் வியக்க ஒன்றுமில்லை. இன்னொரு வரிசை முழங்கால் உயரத்தில் இருந்தது.

“மேல மாட்டுனது மனுசன் பாக்க. கீழ மாட்டுனது யாரு பாக்க அண்ணாச்சி, பூனையா?” என்றார்.

பதில் தெரிந்தவன்போலச் சிரித்து வைத்தேன். எழுதுகிறவர்களுக்கு இது கைவந்த கலை. ஆனால் வீட்டுக்கு வந்தும் கேள்வி விடவில்லை. நாளை காலை அந்தச் சுவருக்குப் பூச்சு. அதற்குள் அங்கே எதையாவது நான் மாட்டியாக வேண்டும்.

2

தொடக்கங்கள்:

“1944ஆம் ஆண்டு, உலகமே போரில் பற்றியெரிந்துகொண்டிருந்த வேளையில்” [அடித்துவிட்டேன். உலகம் எனக்கு எதற்கு? எனக்கு வேண்டியது ஒரு சுவர்.]

“கிரேசி டீச்சரின் கண்கள்” [இதையும். கண்களில் தொடங்கினால் கல்யாணத்தில்தான் முடிப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.]

“ஒரு மரச்சட்டம் இருந்தது.”

இது போகும். இங்கிருந்து போகலாம்.

3

ஒரு மரச்சட்டம் இருந்தது. நடுவில் ஒரு சாணுக்கு ஒரு சாண் ஓட்டை. அதைச் செய்தவர் வன்னியபெருமாள், மன்றத்தைத் திறந்து மூடி, படங்களை மாட்டிக் கழற்றும் பொறுப்பில் இருந்தவர். மன்றத்தில் மாதம் ஒருவர் படங்கள். முதல் ஞாயிறு ஏறும், கடைசிச் சனி இறங்கும். ஜனவரியில் காயல்பட்டினத்து மஹ்மூது வரைந்த கப்பல்கள். பிப்ரவரியில் கீழவைப்பார்க்காரர் ஒருவர் எடுத்த போட்டோக்கள். மார்ச்சில் ஏரல்காரர் ஒருவரின் யானைகள். யானை மூன்றுதான், சுவர் நிறைந்துவிட்டது.

பேர் பரவியதும் ஆளாளுக்குப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலண்டரைக் கிழித்துக் கொண்டுவந்தவரும் உண்டு. மன்றத்துப் பெரியவர்களுக்கு யாரையும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். ஏதாவது ஓர் அளவு வைத்துக் கழித்துவிடும்படி வன்னியபெருமாளிடம் சொல்லிவிட்டார்கள்.

அவருக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்று. இருபது வருடம் இதே கிடங்கில் சங்கு அளந்தவர் அவர். முக்குளிப்பவர்கள் கொண்டுவரும் சங்கை ஓட்டை போட்ட பலகையில் விட்டுப் பார்ப்பார்கள். ஓட்டையில் நுழையாமல் நின்றால் எடுத்துக்கொள்வார்கள். நுழைந்து விழுந்தால் சிறுசு, மறுபடி கடலுக்கு.* படத்துக்கும் அவர் அதையே வைத்தார். சட்டத்தில் நுழைந்து விழுகிற படம் திருப்பி அனுப்பப்படும்.

(*சங்கை அளந்தது ஊரில் நடந்தது. படத்தை அளந்தது நான் கட்டியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குழப்புவது என் வேலை.)

4

கிரேசிக்கு நாசரேத் பக்கம். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தாள். போர்க்காலத்தில் காகிதம் கிடைக்கவில்லை. வந்த கடிதங்களின் உறையைப் பிரித்து, உள்பக்கத்து வெள்ளையில் வரைவாள். படம் உள்ளங்கை அளவுதான் வரும்.

வரைந்தது யாரை என்றால், மண்ணெண்ணெய் வரிசையில் தன்னோடு நின்ற பெண்களை. ஒரு படத்தில் ஒரு பெண். ஒருத்தி தலையில் டின்னைக் கவிழ்த்து வெயிலை மறைக்கிறாள். ஒருத்தி நின்றபடியே தூங்குகிறாள். நாற்பத்திரண்டு பெண்கள், ஒரு தேங்காய்ச் சிரட்டை. வரிசையை விட்டு அவசரமாகப் போகிறவர்கள் தங்கள் இடத்தில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். அந்த இடத்தை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

பெண்கள் தினமும் கேட்டார்கள், எங்கள் படத்தை எப்போது சுவரில் காட்டப் போகிறாய் என்று. ஏப்ரலில் காட்டுவதாகக் கிரேசி வாக்குக் கொடுத்துவிட்டாள். ஏப்ரலுக்குப் பெயர் கொடுத்திருந்தவர் வரவில்லை, சுவர் காலி. ஏப்ரல் முடிந்தால் பள்ளிக்கூடம் மூடும், அவளுக்குச் சாத்தான்குளத்துக்கு மாற்றல். இந்த மாதம் விட்டால் இல்லை.

வன்னியபெருமாள் ஒவ்வொரு படமாகச் சட்டத்தில் விட்டார். நாற்பத்து மூன்றும் விழுந்தன.

“இன்னும் வளரல டீச்சரம்மா. வளந்த பெறவு கொண்டாங்க.”

“படம் எப்படி அண்ணாச்சி வளரும்?”

“சங்கு வளருதுல்லா” என்றார் அவர், மிகுந்த அன்போடு.

5

இந்த இடத்தில் எனக்கு வன்னியபெருமாள்மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஓர் ஆள் இருப்பாரா? அவரைக் கொடுமைக்காரராக்கிப் பார்த்தேன். குரலை உயர்த்த மாட்டேன் என்றார். விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவர்களைக் கதை முடிவில் அழவைத்துத் திருத்துவது நம் வழக்கம். அதற்கும் முயன்றேன். “வன்னியபெருமாளின் கண்கள் கலங்கின. சட்டத்தை அவர் தூக்கி” [நடக்கவில்லை. சட்டத்தைத் துடைத்து அதன் இடத்திலேயே வைத்துவிட்டார்.]

உண்மையில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. யார் படமானாலும் ஒரே ஓட்டை. மஹ்மூது கொண்டுவந்த கப்பல்களில்கூட ஒன்று விழுந்தது, அதையும் திருப்பிவிட்டார்.

நீங்கள் இந்நேரம் ஒரு வழி கண்டுபிடித்திருப்பீர்கள்: எல்லாப் படத்தையும் ஒரே அட்டையில் ஒட்டிவிட்டால் ஓட்டையில் நுழையாதே? நானும் அதைக் கிரேசியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

“கியூவுல நாள் முழுக்க ஒட்டிக்கிட்டுதான நிக்கோம். சுவத்துலயாவது ஆளுக்கு ஒரு எடம் வேணும்” என்றாள்.

6

முதல் ஞாயிற்றுக்கு மூன்று நாள் இருக்கும்போது கிரேசி மறுபடி வந்தாள். படத்தைப் பற்றிப் பேசவில்லை. சங்கைப் பற்றிக் கேட்டாள். கழித்த சிறுசுகள் கடலுக்கு எப்படிப் போகும் என்று கேட்டாள்.

“நாந்தான் தோணியில கொண்டுபோயி விடுவேன்” என்றார் வன்னியபெருமாள். பெருமை குரலில் தெரிந்தது. ஒன்றைக்கூடக் கரையில் கிடந்து சாகவிட்டதில்லை என்றும் சொன்னார்.

“அப்போ என் படத்த மட்டும் ஏன் என் கையிலயே குடுத்துட்டிய? அளந்து கழிச்சது நீங்க. கொண்டுபோயி விடுததும் நீங்கதான அண்ணாச்சி?”

விதியில் பாதியை மட்டும்தான் இத்தனை நாள் செய்திருக்கிறோம் என்பது அவருக்குச் சுருக்கென்றது. படத்துக்குக் கடல் எது? இரண்டு நாள் இதையே யோசித்தார். சாப்பாட்டில் உப்பில்லை என்பதுகூடத் தெரியவில்லையாம். [இந்த விவரம் தேவையில்லைதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும்.]

சனிக்கிழமை சுத்தியலோடு வந்தார். தலை உயரத்து வரிசையைத் தொடவில்லை. அதற்கு நேர் கீழே, தரைக்குப் பக்கத்தில், முழங்காலிட்டு ஆணி அடிக்கத் தொடங்கினார்.

“மேல இருக்கது கிடங்கு. கீழ இருக்கது கடல்” என்றார். “விட்டாச்சு டீச்சரம்மா. வளரட்டும்.”

எழுதியவன் நான்தான். இருந்தும் அவர் முழங்காலிட்டதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பேனாவை மூடிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

7

ஞாயிறு. முதலில் மன்றத்துப் பெரியவர்கள் வந்தார்கள். மேல் வரிசை காலி. படங்கள் எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பிறகு பெண்கள் வந்தார்கள், முந்தைய நாள் வரிசையில் நின்ற அதே பெண்கள். உள்ளே வந்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்தார்கள். சிலர் காலை நீட்டிக்கொண்டார்கள். மாதக்கணக்காக நின்றே பழகியவர்கள், தாங்கள் நின்றதை உட்கார்ந்து பார்த்தார்கள். படங்கள் சரியாக அவர்கள் கண்ணுக்கு நேரே இருந்தன. இதை எழுதும்போது என் கண் கலங்கியது. வன்னியபெருமாளை அழவைக்கப் பார்த்ததற்குத் தண்டனை.

முத்து பீவி என்று ஒருத்தி கடைசிப் படத்துக்கு முன்னால் நகர்ந்து வந்தாள். அதில் பெண் இல்லை, சிரட்டை மட்டும். கிரேசிக்குச் சங்கடமாகிவிட்டது. படம் வரைந்த அன்றைக்கு முத்து பீவி அவிழ்ந்துபோன ஆட்டைப் பிடிக்க ஓடியிருந்தாள்.

“இது என் சிரட்டைலா” என்றாள் முத்து பீவி. பக்கத்திலிருந்தவளை இடித்துக் காட்டினாள். “நான் இல்லாட்டியும் என் எடம் இருக்கு, பாத்தியளா.”

அவள் சிரித்தாள், கிரேசியும் சிரித்தாள். பெரியவர்கள் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்கள். இடுப்பு வலித்ததும் வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார்கள்.

8

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இன்று காலை போய் எண்ணிப் பார்த்தேன். கீழ் வரிசையில் நாற்பத்து நாலு ஆணி. படம் நாற்பத்து மூன்றுதானே?

அ) கிரேசி அன்றே ஓர் உறையைப் பிரித்து முத்து பீவியை, ஆட்டோடு சேர்த்து, வரைந்து மாட்டினாள்.

ஆ) மாதக் கடைசியில் வன்னியபெருமாள் தன் மரச்சட்டத்தையே அதில் தொங்கவிட்டார். [சந்தேகம்தான். மே மாதமும் அளந்திருப்பார்.]

இ) ஆணி அடிக்கையில் வன்னியபெருமாளுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. [இருபது வருடம் சங்கை எண்ணி அளந்தவருக்கா?]

அய்யாக்குட்டி சாந்தைக் குழைத்து வைத்துக்கொண்டு, ஆணியைப் பிடுங்கவா என்று கேட்டார். நான் கதை முழுவதையும் சொன்னேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

“அப்போ அந்தக் கடைசி ஆணி யாருக்கு அண்ணாச்சி?”

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவன்போல இந்தத் தடவை சிரிக்கவும் இல்லை. கீழ் வரிசையை விட்டுவிட்டு மேலே மட்டும் பூசச் சொன்னேன். சரி என்றார், இன்னும் எழுந்திருக்கவில்லை.

நான் ஒரு வேலை செய்தேன். வாசலில் கிடந்த ஒரு சிரட்டையை எடுத்து, நாற்பத்து நாலாவது ஆணிக்கு நேர் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அது உங்கள் இடம், யாரும் பிடிக்க மாட்டார்கள். என்ன மாட்டலாம் என்று யோசித்துக்கொண்டு வாருங்கள், உள்ளங்கை அளவு போதும். வந்ததும் முதலில் உட்காருங்கள்.