அஞ்சு நிமிஷ சாட்சி

"அஞ்சே நிமிஷம் சிஸ்டர். சுருக்கமா சாட்சி சொல்லிடுங்க. நீங்க தமிழ்ல சொல்லச் சொல்ல ஐயா பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்லிடுவாரு" என்று பாஸ்டரம்மா காதோடு சொன்னபோது அன்புச்செல்வி நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினாள். பதினோரு வருஷமாக வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்ததைக் கொட்டித் தீர்க்க ஐந்து நிமிஷம் தாராளம். அடையாறில் இருந்த அந்த ஏ.சி. சபையில் அன்று மிஷனரி ஞாயிறு. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த நான்கு பேர் கழுத்தில் மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இங்கிலீஷ். அவர்களுக்காக மட்டும்தான்.

அந்த ஐயா, ஞானசிகாமணி, மேடையின் ஓரத்தில் வெள்ளைப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையுமாக நின்றுகொண்டிருந்தார். எழுபத்து நான்கு வயது. மிஷன் செயலாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது மொழிபெயர்ப்பாளராகத்தான். எப்பேர்ப்பட்ட பிரசங்கியார் வந்தாலும் பக்கத்தில் இவர் நிற்க வேண்டும். பேசுகிறவர் கையை உயர்த்தினால் இவர் கையும் உயரும். பேசுகிறவர் அழுதால் இவர் குரலும் உடையும். பேசுகிறவர் "நான்" என்றால் இவரும் "நான்" என்பார், "அவர்" என்றால் "அவர்" என்பார். ஐம்பது வருஷத்தில் ஒரு வார்த்தை தப்பியதில்லை என்று சபையில் பெருமையாகச் சொல்லுவார்கள்.

அந்தப் பெருமையைத்தான் அன்புச்செல்வி குறி வைத்திருந்தாள். நடந்ததை அவள் சொன்னால் "பாவம், புருஷனைப் பறிகொடுத்தவ புலம்புறா" என்பார்கள். அவர் வாயாலேயே வர வேண்டும். மைக்கில், எல்லோர் முன்னாலும், வரி வரியாக. அதற்காகவே இரண்டு வருஷமாக இந்தச் சபைக்கு வந்தாள். பெண்கள் ஐக்கியத்தில் சேர்ந்தாள், உபவாச ஜெபத்துக்குப் பாய் விரித்தாள், கண்டவர்கள் வீட்டுக் கஷ்டத்துக்கெல்லாம் முழங்காலில் நின்றாள். ஞானசிகாமணியோ அவளைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் கை வைத்து "நல்லாயிருக்கியா மகளே?" என்பார். அந்தக் கையைத் தட்டிவிடாமல் நிற்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கஷ்டத்தைப் பற்றி அவளுக்குப் புகாரே கிடையாது. ஜார்க்கண்டில் மலைமேல் இருந்த கிராமத்துக்கு மிஷன் ஊழியத்துக்காக அவளும் புருஷன் அசோகனும் தெரிந்துதான் போனார்கள். முதல் வருஷம் ஊர்க்காரர்கள் பம்பில் தண்ணீர் பிடிக்க விடவில்லை, ஓடைக்கு நடந்தாள். இரண்டாம் வருஷம் யாரோ கூரைக்குத் தீ வைத்தார்கள். எரிந்த மூங்கிலை அசோகன் தள்ளிவிட்டு, "வுடு செல்வி, பழைய கூரை எப்படியும் ஒழுகினு தான் இருந்துச்சு" என்று சிரித்தான். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீடு போவது ஒன்றும் புதிதில்லையே! ஆறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். மகள் தமிழ்நிலா அங்கேதான் பிறந்தாள். பிரசவம் பார்த்தது, தண்ணீர் தராத வீட்டுக் கிழவி.

பிறகு வந்தது மூன்றாவது மலேரியா. அசோகன் ஆள் அடையாளம் மறந்து பிதற்ற ஆரம்பித்ததும் அன்புச்செல்வி சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் நடந்து மிஷனின் சென்னை ஆபீசுக்குப் போன் போட்டாள். டவுன் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், உத்தரவு கொடுங்கள் என்று கெஞ்சினாள். மறுபடி கூப்பிடுகிறோம் என்றார்கள். வந்தது இங்கிலீஷில் ஒரு மெசேஜ். அப்போது அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அங்கே மருந்துக்கடை வைத்திருந்த மெஹபூப் அலி படித்து இந்தியில் சொன்னார்: இருபதாம் தேதி வெளிநாட்டு விருந்தினர் ஊழியம் நடக்கிற இடத்தைப் பார்க்க வருகிறார்கள், அதுவரை இறங்க வேண்டாம், விசுவாசத்தோடு இருங்கள், இப்படிக்கு ஞானசிகாமணி. சொல்லிவிட்டு, "இதை வீசிட்டுக் கூட்டிட்டுப் போ தங்கச்சி" என்றார். அவளும் வண்டி பேசிவிட்டாள். அசோகனுக்கு நடுவில் கொஞ்சம் தெளிந்தது, மெசேஜைக் கேட்டான். "சொன்னா சொன்னதுதான் செல்வி. நாலு நாள்தானே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பதினெட்டாம் தேதி போய்ச் சேர்ந்தான். கீழ்ப்படிந்தவனை அவள் மன்னித்துவிட்டாள். கீழ்ப்படியச் சொன்னவரை எதற்கு மன்னிக்க வேண்டும்?

சென்னைக்குத் திரும்பி பெசன்ட் நகரில் தமிழே பேசாத ஒரு ரிட்டயர்டு புரொஃபசர் அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். குளிப்பாட்டி, சோறூட்டி, பேப்பர் படிக்கக் கேட்டுக் கேட்டு இங்கிலீஷ் வந்துவிட்டது. சபையில் மட்டும் ஒருவருக்கும் அதைக் காட்டவில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் அங்கே நானூறு பேர் இருந்தார்கள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஞானசிகாமணி ஒருவர் நினைத்தால் போதும்.

பாஸ்டர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அன்புச்செல்வி ஏறி மைக்கை வாங்கினாள். இன்னொரு மைக்கோடு ஞானசிகாமணி தோளோடு தோளாக வந்து நின்றார். அவர் சட்டையில் சென்ட் வாசனை அடித்தது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் பேரு அன்புச்செல்வி. சிந்தாதிரிப்பேட்ட பொண்ணு."

அவர் கணீரென்று இங்கிலீஷில் சொன்னார். தண்ணீர் மறுத்ததைச் சொன்னாள், வீடு எரிந்ததைச் சொன்னாள், அப்போதும் மலையை விட்டு இறங்கவில்லை என்றாள். அடேயப்பா, அவர் அதைச் சொன்ன அழகு! எரிகிற கூரை அவர் கைகளில் தெரிந்தது. விருந்தினரில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சபை அல்லேலூயா என்றது.

"அப்புறம் என் வூட்டுக்காருக்கு மூணாவது தபா மலேரியா. மூளைக்கு ஏறிச்சு. ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போவணும்னு ஆபீசுக்கு போன் பண்ணேன். எறங்காதே, இருபதாம் தேதி விருந்தாளிங்க வராங்கன்னு மெசேஜ் வந்துச்சு."

அவர் மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு அதே கணீர்க் குரலில், "அண்ட் வி வெர் டோல்ட் டு வெயிட் அபான் த லார்ட்" என்றார். கர்த்தருக்குக் காத்திருக்கச் சொன்னார்களாம்! எவ்வளவு லாகவமாக ஆண்டவர் தலையில் கட்டிவிட்டார் மனுஷன்!

அன்புச்செல்வி அவர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கோங்க ஐயா. வெயிட் அபான் த லார்ட்னு நான் சொல்லல. விருந்தாளிங்களுக்காக காத்திருக்க சொன்னாங்கன்னு சொன்னேன். லார்டு ஒண்ணும் தேதி குறிக்கல."

பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஞானசிகாமணி அவளைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக உண்மையிலேயே பார்த்தார். பிறகு மைக்கை உயர்த்தி, அவள் சொன்னதை ஒரு சொல் குறையாமல் இங்கிலீஷில் சொன்னார். தேதியையும் சேர்த்துத்தான்.

"பதினெட்டாம் தேதி அவரு பூட்டாரு. இருபதாம் தேதி அவங்க வந்தாங்க. குழி பக்கத்துல என்னிய நிக்க வெச்சு போட்டோ புடிச்சாங்க. அது மிஷன் பத்திரிகைல அட்டைப்படமா வந்துச்சு."

அவர் சொன்னார். குரல் தாழ்ந்திருந்தது, கைகள் அசையவில்லை. முன்வரிசையில் மாலைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

இனி இரண்டே வரிதான் பாக்கி. ஒன்று, அந்த மெசேஜை ஒருத்தர் அனுப்பினார். அடுத்தது, அவர் பெயர். தன் பெயரை யாரோ மூன்றாம் மனுஷன் பெயரைப்போல அவர் மைக்கில் சொல்ல வேண்டும். அந்த வரியை அவள் பாத்திரம் துலக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறாள், பஸ்ஸில் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"சென்னை ஆபீஸ்ல ஒக்காந்துனு அந்த மெசேஜை ஒருத்தர் அனுப்பினாரு. அவரு பேரைப் போட்டுதான் அனுப்பினாரு."

"ஐ சென்ட் தட் மெசேஜ்" என்றார் ஞானசிகாமணி.

பாடகர் குழுவிலிருந்து ஒரு பெண், பெரியவர் வாய் தவறி 'அவர்' என்பதை 'நான்' என்று சொல்லிவிட்டார் என்று நினைத்து, "ஹீ... ஹீ சென்ட்" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தாள். அவர் காதில் அது விழுந்தது. முகம் அந்தப் பக்கம் ஒரு கணம் திரும்பியது. ஆனால் திருத்தவில்லை.

அன்புச்செல்விக்கு ரத்தம் தலைக்கேறியது. அடுத்த வரி அவளுடையது. அதையும் இந்த மனுஷன் எடுத்துக்கொண்டாரே! வாய் தவறியதா, வேண்டுமென்றே சொன்னதா? வேண்டுமென்றே என்றால் இன்னும் மோசம். பிடுங்க வந்ததை அவராகக் கொடுத்துவிட்டால் நாளைக்கு ஊர் அவரையல்லவா மெச்சும்? என்ன தாழ்மை, என்ன மனசு என்று கண்ணீர் விடுமே! அசோகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த முதுகை இந்த ஒரு வரிக்கு விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

பாஸ்டரம்மா கையைக் காட்டிப் போதும் என்றாள். அன்புச்செல்வி பார்க்காததுபோல் நின்றாள்.

"ஐயா" என்றாள். குரல் அவளுக்கே அதிசயமாக அமைதியாக இருந்தது. "பின்னாடி கீறவங்களுக்கு சரியா காதுல வுழலயாம். இன்னொரு தபா சொல்லுங்க. இந்த தபா தமிழ்ல."

சொல்லிவிட்டுத் தன் மைக்கை அணைத்துக் கீழே இறக்கிக்கொண்டாள். மொழிபெயர்க்க இனி அவளிடம் ஒரு வார்த்தையும் இல்லை. ஞானசிகாமணி மைக்கை உயர்த்தினார். அது அவர் முன்பல்லில் இடித்தது. 'டொக்' என்ற அந்தச் சத்தம் சபையின் எல்லா ஸ்பீக்கர்களிலும் கேட்டது. அவர் வாயைத் திறந்தார்.