ஏழாவது ஆளின் காது

ஏழாவது ஆளா... இல்லை, முதலில் இருந்தே பார்க்கலாம், நீதவான் அவசரப்படுத்தவில்லை, "ஆளைக் கண்டால் தோளில் கையை வையுங்கள்" என்று மட்டும் சொன்னார், அடையாள அணிவகுப்பில் பத்து ஆண்கள், ஏறக்குறைய ஒரே உயரம், சுவரோடு வரிசையாக. ஜெசிக்கா மறுபடி முதலாமவனிடம் போனாள், சவர்க்கார மணம், இரண்டாமவன் கொட்டாவியை விழுங்கினான், ஏன் தொட வேண்டும், விரலால் காட்டினால் போதாதா, மாமாவைச் சுட்டவனின் தோளில் இந்தக் கை படத்தான் வேண்டுமா... "யாரையாச்சும் ஒருத்தனத் தொட்டுட்டு வந்துரு மகள், நமக்கு இதோட முடியட்டும்" என்று காலையில் அம்மா சொன்னாள், யாரையாவதா, பஸ்தியான் மாமா உன் கூடப் பிறந்த அண்ணன் அல்லவா அம்மா?

முந்தல் பஸ் தரிப்பிடத்தில் அன்றைக்கும் மாமா பகிடிதான் விட்டார், "இறாலுக்கு டாக்டர் வந்தாச்சு, பஸ்ஸத்தான் காணல", அவள் இறால் பண்ணையில் தண்ணீர் பரிசோதிக்கிறவள், அவர் மீனவர் சங்கத் தலைவர், அமைச்சரின் ஆட்கள் ஊர் மீன் பிடிக்கும் களப்பை, அந்த உப்புநீர் ஏரியை, அடைத்துப் பண்ணை போடுவதற்கு எதிராகக் கையெழுத்துச் சேர்த்தவர், சிரித்து முடியவில்லை, மோட்டார் சைக்கிள் வந்து நின்றது, பின்னால் இருந்தவன் முகத்தைக்கூட மறைக்கவில்லை, இடது காதுச் சோணை இரண்டாகக் கிழிந்து கிடந்தது, மரியாதையாகத்தான் கேட்டான், "தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க." அவள் தள்ளி நின்றாள்... ஏன் நின்றாள்? இரண்டு மாதமாக இதே கேள்வி, பரிசோதனைக் குழாய்களைக் கழுவும்போதும், பாண் வெட்டும்போதும், ஒரே ஒரு அடி, பிறகு இரண்டு வெடி, யுத்தம் முடிந்து ஐந்து வருடம், கடைக்குள் இருந்தவர்கள் தேர்தல் பட்டாசு என்று நினைத்தார்களாம்.

ஏழாவது ஆள். இடது காதுச் சோணை இரண்டாகக் கிழிந்திருந்தது, கை தானாக எழுந்தது, ஆனால் இந்த முகம் இல்லை, இவனுக்குக் கண் சிறிது, கிழிந்த ஓரம் இன்னும் சிவப்பு, காயாத பொருக்கு, ஒரு வாரக் காயம், அதற்கு மேல் இருக்காது, சுட்டவனுடையது வெள்ளை விழுந்த பழைய தழும்பு... "தொடுங்க தங்கச்சி," உதடு அசையாமல் கிசுகிசுத்தான், "என்ட பிள்ளைகளப் பாத்துக்குறன் எண்டு அமைச்சரே சொல்லியிருக்கார், கைய வச்சிட்டுப் போங்க." சிறைக்குப் போகக் கெஞ்சுகிறான், தொட்டால் இவன் உள்ளே, சுட்டவன் அமைச்சரின் மேடையில், அதுவும் தள்ளி நிற்பதுதானே, தொடாவிட்டால்... நீதவான் பேனாவைத் திறந்தார், "இருக்கிறாரா பிள்ளை?" கை அந்தரத்தில் நின்றது, காதைப் பற்றி அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, பொலிசில் மட்டும்தான் சொன்னாள், அவர்கள் எழுதிய அந்த ஒரு தாளில் மட்டும்தான் அது இருந்தது, அதை வாசித்துத்தான் இவனை வெட்டியிருக்கிறார்கள், அவள் சொன்ன பக்கத்தில், அவள் சொன்ன அளவுக்கு... ஆனால் காது வருவது தாளின் நடுவில், வாசித்தவர்கள் மேலேயிருந்துதான் தொடங்கியிருப்பார்கள், முதல் வரியில் அவள் பெயர், அடுத்ததில் வீட்டு விலாசம்.