சலவைக்கூடத்தில் ஒரு மென்ஷெவிக்

செல்போனைக் காலி எவர்சில்வர் வாளிக்குள் வைத்தால்தான் இஸ்திரி இயந்திரத்தின் இரைச்சலை மீறிக் குரல் கேட்கும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளை உருளைக்குள் செலுத்துவது அண்ணி. மறுபக்கம் நின்று வாங்கி மடிப்பது அவள் கணவனின் தங்கை, சின்னவள். வாளிக்குள்ளிருந்து ஒரு பெண் ரஷ்யப் புரட்சியின் கதையைச் சொல்வாள். பொழுதுபோக்காகக் கேட்கத் தொடங்கிய பாட்காஸ்ட், கட்சி இரண்டாக உடைந்த இடத்தில் இருவரையும் பிடித்துக்கொண்டது. யாரை உறுப்பினர் என்று சொல்வது என்ற ஒரு வாக்கியத்துக்காக மாநாட்டில் மல்லுக்கு நின்றார்களாம். முழுமூச்சாக இறங்குகிறவர்கள் மட்டும் போதும் என்றது போல்ஷெவிக் பக்கம். கூட நிற்கிறவர்களையும் சேர்க்கலாம் என்றது மென்ஷெவிக் பக்கம். அண்ணி போல்ஷெவிக் ஆனாள், சின்னவள் மென்ஷெவிக்.

"மென்ஷெவிக்னா சிறுபான்மைன்னு அர்த்தமாம். ஆனா அந்த ஓட்டுல ஜெயிச்சதே அவங்கதான். அப்புறம் ஏன் அண்ணி அந்தப் பேரை ஒத்துக்கிட்டாங்க?"

"விவரம் பத்தாது. அதான் உனக்குப் பிடிச்சிருக்கு."

சிரிப்போடு போயிருக்கும். அந்த வாரம் பார்த்து, கூடத்தின் சூட்டை வெளியே தள்ளும் விசிறி நின்றுபோனது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் மேலாளர். இஸ்திரிக்காரர்கள் உடனே வேலையை நிறுத்த வேண்டும் என்றாள் அண்ணி. துணி மூட்டைகளை ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு பொறுமையாகப் பேசலாம் என்றாள் சின்னவள்.

"சூட்டுல வேகறது நாம. அவங்க ஜன்னலோரமா காத்து வாங்கறவங்க."

"அவங்க வண்டியை எடுக்கலைன்னாதான் அந்த ஆளுக்கு உறைக்கும்."

பேச்சு முற்றிக் கூடமே இரண்டுபட்டது. மதியச் சாப்பாடு தனித்தனி மேசைகளுக்குப் போனது. வீட்டிலும் விடவில்லை. "எந்தப் பக்கம்?" என்று மனைவியும் தங்கையும் ஒரே குரலில் கேட்டபோது, பேருந்து ஓட்டுநரான அண்ணன் கரண்டியை உயர்த்திக் காட்டினான்.

"இன்னிக்குச் சமைச்சது நான். என் கட்சி தனி."

வாளிக்கு வேலை இல்லாமல் போனது. ஆளுக்கொரு இயர்போன். அண்ணி வேண்டுமென்றே பல பகுதிகள் முந்திப் போய், "உங்க ஆளுங்க கதி எனக்குத் தெரியுமே" என்று மிரட்டுவாள். சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள்.

ஒருநாள் காலையில் அண்ணி வந்தபோது முகத்தில் களையே இல்லை.

"வண்டிக்காரங்களையும் கூப்பிடு."

"என்ன ஆச்சு அண்ணி?"

"ஜார் காலத்துல ஒண்ணா ஜெயில்ல கிடந்தவங்கடீ. கடைசியில எங்க ஆளுங்களே உங்க ஆளுங்களைப் பிடிச்சு ஜெயில்ல போடறாங்க."

"ஐயோ, சொல்லிட்டீங்களே!" சின்னவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கையிலிருந்த தலையணை உறையை நீவி மடித்து வைத்தாள். "சரி, நானும் பேசிப்பேசி நாளை ஓட்ட மாட்டேன். இன்னிக்கே மெஷினை நிறுத்திடலாம்."

உருளை நின்றதும் குழாய் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. வண்டிக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அரக்கப்பரக்க உள்ளே வந்தார் மேலாளர்.

"யாரு நிறுத்தினது?"

"நாங்க" என்றன ஏழெட்டுக் குரல்கள்.

அண்ணி தான் நின்ற இடத்தைவிட்டு மரியாதையாக விலகினாள். "சும்மா இங்க வந்து நில்லுங்க சார். பேசலாம்."

அவர் வந்து நின்றார். பேச வாயெடுப்பதற்குள் ஈர விரிப்புகளின் ஆவியில் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போனது. கழற்றினார். சின்னவள் ஒரு தலையணை உறையை நீட்டினாள். நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். கண்ணாடி மறுபடி வெளுத்தது.