காய்ந்தால் மின்னும்

நான் ஆய்வகத்தில் வெளிச்சம் அளப்பவன். என் மனைவி அங்கேயே பாசி வளர்ப்பவள். ஒரே ஸ்கூட்டரில் போய், ஒரே பாசியைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு, அதே ஸ்கூட்டரில் திரும்புவோம்.

பாசி என்றதும் குளத்துப் படியில் ஆளை வழுக்கிவிடும் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். இது டயாட்டம். கண்ணுக்குத் தெரியாத ஒற்றை உயிரணு. தன்னைச் சுற்றிக் கண்ணாடியால் சுவர் எழுப்பிக்கொள்ளும். சுவரெங்கும் சல்லடைத் துளைகள். அதற்குள் வெளிச்சம் எப்படி நுழைகிறது, எப்படி வளைகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

அந்தப் பிழைப்பு ஊசலாடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. நிபுணர் குழு வந்து பார்த்துத் தலையாட்டினால் வேலை நிரந்தரம். உதட்டைப் பிதுக்கினால் மச்சானின் டயர் கடை. அவர் எனக்காக நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டார் என்று கேள்வி.

எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் பளபளா. மின்னாத எதுவும் அவருக்கு விஞ்ஞானம் இல்லை. ஆகவே நான் பாசியைக் கழுவி, உயிரை எடுத்து, வெறும் கூட்டைத் தகட்டில் வைத்து, தலைமுடி உலர்த்தும் மெஷினால் காயவைத்துப் படம் பிடித்திருந்தேன். நீலமும் பச்சையும் பொன்னுமாக, நகைக்கடைக்காரன் பார்த்தால் கடையை மூடிவிடுவான்.

"மீன் எப்படி நீந்துதுன்னு பாக்க அதைக் கருவாடாக்கிட்டீங்க," என்றாள் மனைவி.

"குழுவுக்குக் கருவாடுதான் பிடிக்கும்."

"தண்ணியில போட்டா இந்தக் கலரெல்லாம் ஓடிடும்னு சொல்வீங்களா?"

"கேட்டா சொல்றேன்."

"கேக்க மாட்டாங்கன்னு தைரியம்."

தைரியம்தான். காற்றில் பளிச்சென்று மினுக்கும் கண்ணாடி, தண்ணீருக்குள் போனால் பாதி மறைந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் எம்மாத்திரம்?

குழு வந்தது. இருவர் பிஸ்கட்டை ஆராய்ந்தார்கள். மூன்றாமவரான அம்மாள் மட்டும், நுண்ணோக்கியில் இருந்த தகட்டை நேரடியாகக் காட்டிய திரையைப் பார்த்தார்.

"இது எங்க வாழுது?"

"தண்ணியில, மேடம்."

"அங்கயும் இப்படித்தான் மின்னுமா தம்பி?"

பளபளா என்னை முறைத்தார். மனைவி முறைக்கக்கூட இல்லை. என் பக்கம் திரும்பாமல் ஒரு குடுவையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்கவில்லை. சொட்டுக்குழாயை எடுத்துத் தகட்டில் ஒரு சொட்டு விட்டேன். திரையில் நகைக்கடை மூடிக்கொண்டது. மிஞ்சியது மங்கலான ஒரு சாம்பல் வட்டம்.

"இவ்வளவுதாங்க," என்றேன். குரல் டயர் கடைக்குப் பாதி வழி போய்விட்டிருந்தது. "தண்ணிக்குள்ள இந்தச் சுவர் சத்தமில்லாம வெளிச்சத்தைக் கொஞ்சம் வளைச்சு உள்ள அனுப்பும். ஷோ காட்டாது."

பளபளா துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா! ஈரம் பட்டதும் கலர் போச்சு! ஈரத்தைக் கண்டுபிடிக்கிற கருவி! இதைத்தான் இத்தனை நாளா ரகசியமா வச்சிருந்தோம்!"

எனக்கே அப்போதுதான் தெரியும். பிஸ்கட்காரர்கள் கை தட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும் என்னைப் பார்த்து, "நீங்க சொன்னதுதான் எனக்குப் பிடிச்சுது," என்றார். ஆனால் ஓட்டு இரண்டுக்கு ஒன்று, கருவிதான் ஜெயித்தது.

வேலை நிரந்தரமானது. ஈரத்தைக் கண்டுபிடிக்கும் திட்டத்துக்கு நான்தான் தலைவன். திட்டத்துக்குச் செத்த கூடு போதுமாம். உயிருள்ள பாசி இடத்தை அடைக்கிறதாம். மனைவியின் அலமாரியைக் காலி செய்து அங்கே உலர்த்தும் மெஷின்களை அடுக்கினார்கள். பதவியேற்று நான் போட்ட முதல் கையெழுத்து அதற்குத்தான்.

அவள் சண்டை போடவில்லை. பாசிக் குடுவைகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக எல்லா மேடுபள்ளத்துக்கும் மெதுவாகப் போனேன்.

இப்போது அவை எங்கள் சமையலறை ஜன்னலில் நிற்கின்றன, தேநீர் நிறத்தில். தண்ணீர் மாற்றுவது என் வேலை. நேற்று பாத்திரம் கழுவிவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தேன்.

"ஏங்க, கை ஈரமா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள். "மெஷின் இன்னும் வரலையே?"